கடல் மயக்கமுள்ள நண்பரைப் பினாங்குக் கடலுக்கு மீன்பிடிக்க அழைத்துச் செல்வது எப்படி

பினாங்கில் தூண்டில் பழக்கமுள்ள ஒவ்வொருவருக்கும், கரையில் நின்றால் நாள் முழுவதும் அலுக்காமல் தூண்டில் போடுகிற, படகில் ஏறினால் அரை மணி நேரத்தில் சுருண்டு படுத்துவிடுகிற நண்பர் ஒருவராவது இருப்பார். எனக்கும் ஒருவர் இருக்கிறார். முதன்முறை அவரை அழைத்துச் சென்றபோது நான் மீனைப் பற்றி மட்டுமே யோசித்தேன். நல்ல நீரோட்டமுள்ள நாள், விடியலுக்கு முந்திய புறப்பாடு, தொலைவிலுள்ள பாறைத்திட்டு, முன்பின் தெரியாத மூவருடன் செலவைப் பங்கிட்டுக்கொண்ட படகு என்று எல்லாமே மீனுக்கு ஏற்றபடி அமைந்திருந்தன. காலை எட்டரை மணிக்கெல்லாம் அவர் ஐஸ் பெட்டியைக் கட்டிக்கொண்டு கிடந்தார். திரும்பலாம் என்று நான் கேட்டபோது மற்ற மூவரும் மறுத்துவிட்டார்கள். பிற்பகல் நான்கு மணி வரை அவர் அப்படியே கிடந்தார். சில ஆண்டுகள் கழித்து அதே நண்பர், அதே கடலில், ஒரு நாளின் பெரும்பகுதியை நிமிர்ந்து உட்கார்ந்து கழித்ததோடு மீனும் பிடித்தார். அவருடைய உடம்பு மாறவில்லை. நான் ஏற்பாட்டை மாற்றியிருந்தேன். அந்த ஏற்பாடு முழுவதையும் வரிசையாக எழுதிவைக்கிறேன்.

உடம்புக்கு என்ன ஆகிறது

மலாயில் மாபோக் லாவுட் என்று சொல்லப்படும் கடல் மயக்கம் வயிற்றில் தொடங்குவதன்று, காதில் தொடங்குவது. உட்காதில் நீர்மம் நிறைந்த மூன்று அரைவட்டக் குழல்கள் தலை திரும்புவதை உணர்கின்றன. அவற்றை அடுத்துள்ள இரண்டு சிறு பைகள், தம்முள் இருக்கும் நுண்ணிய கற்களின் உதவியால், உடம்பு மேலும் கீழும் முன்னும் பின்னும் நகர்வதை உணர்கின்றன. படகின் தரையையோ கையிலுள்ள தூண்டில் முள்ளையோ பார்த்துக்கொண்டிருப்பவரின் கண், எல்லாம் அசையாமல் இருப்பதாக மூளைக்குச் சொல்கிறது. காதோ உடம்பு ஆடிக்கொண்டிருப்பதாகச் சொல்கிறது. இவ்விரண்டு சாட்சியங்களும் பொருந்தாமல் போவதே இந்தத் தொல்லைக்குக் காரணம் என்பது பரவலாக ஏற்கப்பட்ட விளக்கம். இரு காதுகளிலும் இந்தச் சமநிலை உறுப்பு முற்றிலும் செயலிழந்தவர்களுக்குக் கடல் மயக்கம் வருவதே இல்லை என்பது அதற்கு நல்ல சான்று.

எல்லா ஆட்டமும் ஒரே அளவு துன்பம் தருவதில்லை. ஏறத்தாழ ஐந்து நொடிக்கு ஒரு முறை மெதுவாக மேலெழுந்து கீழிறங்கும் அசைவுதான் மனிதரை மிக எளிதாகக் கவிழ்க்கிறது. படகு வேகமாக ஓடும்போது அலைகளை அடுத்தடுத்து மோதித் தடதடக்கிறது. முதுகு வலிக்குமே தவிர, குமட்டல் குறைவு. இயந்திரத்தை நிறுத்தித் தூண்டில் போடத் தொடங்கியதும் படகு அந்த மெதுவான ஊஞ்சலுக்கு வந்துவிடுகிறது. போகும்போது சிரித்துப் பேசிக்கொண்டு வந்தவர், மீன்பிடிக்கும் இடம் வந்ததும் பேச்சை நிறுத்துவது இதனால்தான். புறப்பாட்டின்போது அவர் நன்றாக இருக்கிறார் என்பதை வைத்து நாளைக் கணக்கிட்டுவிடக் கூடாது.

உங்கள் நண்பர் எந்த அளவுக்கு எளிதில் பாதிக்கப்படுபவர் என்று முன்கூட்டியே அறிய விரும்பினால், பட்டர்வொர்த் ஃபெரி அதற்கு உதவாது. அந்தக் குறுகிய கால்வாயில் யாருக்கும் எதுவும் ஆவதில்லை. அதைவிட, தெலுக் பாஹாங்கிலிருந்து பாலேக் புலாவுக்கு மலையைச் சுற்றிச் செல்லும் சாலையில், காரின் பின்னிருக்கையில் அவரை உட்காரவைத்துக் கைப்பேசியில் செய்தி படிக்கச் சொல்லுங்கள். மூன்றாவது வளைவிலேயே அவர் கண்ணாடியை இறக்கச் சொன்னால், இக்கட்டுரையில் உள்ள ஒன்றையும் விட்டுவிடாமல் செய்ய வேண்டியிருக்கும். ஒற்றைத் தலைவலி உள்ளவர்களுக்கு இது கூடுதலாக வருவதுண்டு. இதில் வெட்கப்பட ஏதுமில்லை என்பதையும் அவரிடம் சொல்லிவிடுங்கள்: 1831 முதல் 1836 வரை பீகிள் கப்பலில் உலகைச் சுற்றிய சார்ல்ஸ் டார்வின், அந்த ஐந்து ஆண்டுகளிலும் கடல் மயக்கத்திலிருந்து விடுபடவில்லை.

நாளைத் தேர்ந்தெடுத்தல்

பாதி வெற்றி நாட்காட்டியில் இருக்கிறது. பினாங்கு மலாக்கா நீரிணையின் வடமுனையில் உள்ளது. நவம்பர் முதல் மார்ச் வரை வீசும் வடகிழக்குப் பருவக்காற்றைத் தீபகற்பத்தின் மலைத்தொடர் தடுத்துவிடுவதால், கிளந்தானிலும் திரங்கானுவிலும் கடல் கொந்தளிக்கும் அதே மாதங்களில் நம் பக்கம் பொதுவாக அமைதியாக இருக்கும். டிசம்பர் கடைசியிலிருந்து மார்ச் வரையிலான காலமே இத்தகைய நண்பருக்கு ஏற்றது. மே மாதக் கடைசி முதல் செப்டம்பர் வரையிலான தென்மேற்குப் பருவத்தில், சுமத்ராவிலிருந்து கிளம்பி விடியற்காலையிலும் முற்பகலிலும் நீரிணையைக் கடந்து வரும் சூறைக்காற்று வரிசைகள் உண்டு. கறுத்த சுவர் போல மேற்கில் எழுந்து சிறிது நேரத்தில் கடலைக் கலக்கிவிடும் இந்தக் காற்றைப் படகோட்டிகளான தெக்கோங்குகள் நன்கு அறிவார்கள்; அதில் அகப்பட்டால் பழகியவர்களுக்கே வயிறு புரளும். ஏப்ரலிலும் அக்டோபரிலும் காலை நேரம் பெரும்பாலும் நன்றாக இருக்கும், பிற்பகலில் இடிமழை வரும். ஆகவே நண்பகலில் கரை திரும்பும் திட்டமென்றால் அம்மாதங்களும் ஏற்றவையே. முந்திய நாளும் அன்று காலையும் மலேசிய வானிலைத் துறையான மெட்மலேசியாவின் கடல் வானிலை அறிவிப்பைப் பாருங்கள். அலையின் உயரம் அரை மீட்டருக்குள் இருந்தால் புறப்படுவது, அதற்கு மேல் இருந்தால் தள்ளிப்போடுவது என்பது நான் வைத்துக்கொண்டிருக்கும் கணக்கு. நான் தனியே போகும் நாட்களில் அந்தக் கணக்கைப் பார்ப்பதில்லை என்பதையும் ஒப்புக்கொள்கிறேன்.

அடுத்தது பிறை. அமாவாசையையும் பௌர்ணமியையும் ஒட்டிய நாட்களில் ஏற்றவற்றம் மிகுந்து நீரோட்டம் வலுவாக ஓடுகிறது. ஓட்டம் ஒரு திசையிலும் காற்று எதிர்த்திசையிலும் இருக்கும்போது அலைகள் நெருங்கிச் செங்குத்தாக எழும். ஆழம் குறைந்த கரையோரக் கடலில் இது இன்னும் மோசம். அரைநிலா நாட்களை அடுத்து நீரோட்டம் தளர்கிறது. இங்குள்ள தூண்டில்காரர்கள் அதை ஆயர் மாத்தி, அதாவது செத்த நீர், என்று சொல்வார்கள். வீட்டுச் சுவரில் தொங்கும் தமிழ் நாட்காட்டியிலேயே இதைப் பார்த்துக்கொள்ளலாம்: அஷ்டமி, நவமி, தசமி என்று போட்டிருக்கும் நாட்கள்தாம் அவை. அஷ்டமி நவமியில் வீட்டைவிட்டுப் புறப்படாதே என்று பெரியவர்கள் சொல்வதைக் கேட்டு வளர்ந்தவன் நான். ஆனால் இந்த நண்பரோடு கடலுக்குப் போவதென்றால் அதே நாட்களைத்தான் தேடிக் குறித்துவைக்கிறேன். அவருடைய தாயாருக்கு இதை விளக்குவதுதான் சற்றுக் கடினமாக இருந்தது.

புறப்படும் நேரத்தில் ஒரு முக்கியமான மாற்றம் வேண்டும். பினாங்கில் காலை ஏழு மணிக்கு மேல்தான் நன்றாக விடிகிறது. வழக்கமான பயணங்கள் ஐந்தரை, ஆறு மணிக்கே கிளம்பிவிடும். இருட்டில் தொடுவானம் தெரியாது. கண்ணுக்குப் பிடிமானம் இல்லாத அந்த ஒரு மணி நேரத்திலேயே நண்பர் பாதி தோற்றுவிடுவார். எனவே ஏழரை மணிக்குப் புறப்படுவதாகத் தெக்கோங்கிடம் பேசிக்கொள்ளுங்கள். காலைக் கடியில் சில மீன்கள் போகும், போகட்டும்.

படகும் தெக்கோங்கும்

பங்குப் படகில் ஏற வேண்டாம். சிறிய படகாக இருந்தாலும் முழுப் படகையும் நீங்களே வாடகைக்கு எடுத்துக்கொண்டால்தான் திரும்பும் முடிவு உங்கள் கையில் இருக்கும். பணம் கொடுப்பதற்கு முன்பே தெக்கோங்கிடம் மூன்று விஷயங்களைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும்: உடன் வருபவருக்குக் கடல் ஒத்துக்கொள்ளாது, கரையிலிருந்து ஒரு மணி நேர ஓட்டத்துக்கு மேல் போகப்போவதில்லை, நான் திரும்பலாம் என்று சொன்னால் காரணம் கேட்காமல் திரும்ப வேண்டும், முழு நாள் வாடகையையும் கொடுத்துவிடுவேன். இதைக் கேட்டுச் சிரிக்கிற தெக்கோங்கும் உண்டு, சரி என்று தலையசைத்துவிட்டு எந்தத் தீவின் மறைவில் காற்று அடிக்காது என்று சொல்லத் தொடங்குகிற தெக்கோங்கும் உண்டு. இரண்டாமவரைத் தேர்ந்தெடுங்கள்.

படகு பெரிதாக இருந்தால் ஆட்டம் குறையும் என்பது உண்மையே. ஆனால் அறைகொண்ட பெரிய டீசல் படகில் புகையும் எண்ணெய் நெடியும் சேர்ந்துவிடுகின்றன. வெயிலுக்குப் பயந்து நண்பர் அறைக்குள் போய் உட்கார்ந்தால் அவருக்குத் தொடுவானமும் இல்லை, காற்றும் இல்லை. நடுவில் கூரைத்துணி மட்டும் போட்ட, நாற்புறமும் திறந்த, அகலமான படகே இதற்கு மேல். உயிர்காப்பு அங்கி ஆளுக்கு ஒன்று இருக்கிறதா, வானொலித் தொடர்புக் கருவி வேலை செய்கிறதா என்று கரையிலேயே பார்த்துக்கொள்ளுங்கள்.

இடத்தைப் பொறுத்தவரை, முதல் பயணத்துக்கு நான் பத்து மாவுங் பக்கத்திலிருந்து புறப்பட்டு, ரிமாவ் தீவைச் சுற்றிக்கொண்டு கெண்டித் தீவுப் பக்கம் போவதையே விரும்புகிறேன். தீவின் ஏதாவது ஒரு பக்கம் காற்றுக்கு மறைவாக இருக்கும், கரை எப்போதும் கண்ணில் தெரியும், திரும்புவதும் எளிது. வடக்கே தெலுக் பாஹாங்கிலிருந்து போனால், 1883இல் கட்டப்பட்ட மூக்கா முனைக் கலங்கரை விளக்கம் நெடுந்தொலைவுக்குக் கண்ணுக்கு நல்ல பிடிமானமாக இருக்கும்; ஆனால் முனையைத் தாண்டியதும் கடல் திறந்துவிடுகிறது. கெடாவின் பாயார் தீவு கடல் பூங்காவுக்குள் அடங்கியது. அங்கே மீன்பிடிக்கத் தடை உள்ளதால் அதைக் கணக்கிலேயே சேர்க்க வேண்டாம்.

மாத்திரை

கடைசி நிமிடத்தில் படகுத்துறையில் வாங்கி விழுங்கப்படும் மாத்திரையால் பயன் குறைவு. குமட்டல் தொடங்கிய பின் வயிறு தன் வேலையைச் சரியாகச் செய்யாது என்பதால் மருந்து உட்கிரகிக்கப்படாது, அல்லது வெளியே வந்துவிடும். மருந்தகத்தில் கேட்டால் பொதுவாகக் கிடைப்பது டைமென்ஹைட்ரினேட் 50 மில்லிகிராம் மாத்திரை. புறப்படுவதற்கு அரை மணி முதல் ஒரு மணி நேரத்துக்கு முன் இதை எடுத்துக்கொள்ள வேண்டும். நான்கு முதல் ஆறு மணி நேரம் வரை இதன் வேலை நிற்கும். சின்னரிசின் என்றால் இரண்டு மணி நேரத்துக்கு முன். ஹையோசின் மருந்துப் பட்டை கிடைத்தால் காதுக்குப் பின்னே, குறைந்தது நான்கு மணி நேரத்துக்கு முன் ஒட்ட வேண்டும். அது மூன்று நாள் வேலை செய்யும். ஒட்டிய கையைக் கழுவாமல் கண்ணைத் தொட்டால் பார்வை மங்கும். தும்மலுக்குக் கொடுக்கப்படும், தூக்கம் வராத புதுவகை ஒவ்வாமை மாத்திரைகள் கடல் மயக்கத்துக்கு உதவுவதில்லை. வீட்டில் இருக்கிறதே என்று அதை எடுத்துவர வேண்டாம்.

இம்மருந்துகளில் பெரும்பாலானவை தூக்கத்தையும் வாய் வறட்சியையும் தரும். எனவே பயணத்துக்கு ஒரு வாரம் முன்பு, வேலையில்லாத ஒரு நாளில், வீட்டிலேயே ஒரு மாத்திரையைப் போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். என் நண்பர் ஒரு வகையில் நான்கு மணி நேரம் தூங்கிப்போனார். வேறொன்றில் லேசான சோர்வோடு நடமாடினார். இரண்டாவதையே கடலுக்கு எடுத்துக்கொண்டோம். கண் அழுத்த நோய், புராஸ்டேட் வீக்கம், கர்ப்பம், தூக்க மாத்திரைப் பழக்கம் ஆகியவற்றில் ஏதேனும் இருந்தால் மருந்தாளரிடம் அதைச் சொல்லாமல் எதையும் வாங்கக் கூடாது. மாத்திரை போட்டவர் அன்று மது அருந்தக் கூடாது, வண்டி ஓட்டக் கூடாது.

நம்மவரிடையே பலருக்கு இனிப்பு நீர், அதாவது நீரிழிவு, இருப்பதால் இதைத் தனியே சொல்கிறேன். காலையில் இன்சுலின் போட்டுக்கொண்டு, சாப்பிட்டதைக் கடலில் வாந்தியெடுத்துவிட்டால், இரத்தச் சர்க்கரை அபாயகரமாக இறங்கிவிடும். அத்தகைய நண்பர் முன்கூட்டியே தம் மருத்துவரிடம் அன்றைய அளவைக் கேட்டுக்கொண்டு வரட்டும். உங்கள் பையில் குளுக்கோஸ் இருக்கட்டும்.

வீட்டு மருந்துகளில் இஞ்சிக்கு நான் மதிப்புக் கொடுக்கிறேன். இஞ்சி மரப்பாவோ தேனில் ஊறிய இஞ்சியோ சிலருக்குக் குமட்டலைத் தணிக்கிறது. பாலேக் புலாவில் விற்கும் ஊறவைத்த சாதிக்காய்த் துண்டு, ஆசாம் பொய் போன்ற புளிப்புகளும் வாயில் ஊறும் எச்சிலுக்கு ஒரு வேலை கொடுக்கும். ராஜூலா கப்பலில் நாகப்பட்டினத்திலிருந்து வந்த என் பாட்டி, முந்தானையில் முடிந்துவைத்த நார்த்தங்காய் ஊறுகாயால்தான் பினாங்கு வந்து சேர்ந்ததாகச் சொல்வார். கோடாரித் தைலம் பற்றி மட்டும் எனக்கு வேறு கருத்து உண்டு: பழகியவருக்கு அது ஆறுதல், பழகாதவருக்கு டீசல் நெடியோடு அந்த நெடியும் சேர்ந்து குமட்டலைக் கூட்டிவிடுகிறது.

முந்திய இரவும் காலையும்

முந்திய இரவு நாசி கண்டார் கடைக்கு அழைத்துப் போய் நண்பரை உபசரிக்க வேண்டாம். குழம்பு வெள்ளமும் பொரித்த இறைச்சியும் மறுநாள் காலை வரை வயிற்றில் கிடக்கும். டுரியான் பருவமாக இருந்தால் அதுவும் வேண்டாம். இரவு எட்டு மணிக்குள் சோறும் ரசமும், பத்து மணிக்குள் படுக்கை. தூக்கம் குறைந்தவருக்குக் கடல் மயக்கம் விரைவில் வருகிறது.

காலையில் வெறும் வயிற்றோடு ஏறுவது பலர் செய்யும் தவறு. இரண்டு இட்லி, அல்லது காய்ந்த ரொட்டியும் வாழைப்பழமும், கரை விட்டுப் புறப்படுவதற்கு ஒரு மணி நேரத்துக்கு முன் போதும். ரொட்டி சானாயும் தே தாரேக்கும் கரை திரும்பிய பிறகு. படகில் தூவல் இல்லாத கிரீம் கிராக்கர் பிஸ்கட், குடிநீர், இரண்டு பொட்டலம் வாய்வழி நீரேற்ற உப்பு, தடித்த நெகிழிப் பைகள், ஈரத் துணி, அகன்ற தொப்பி, மாற்றுச் சட்டை ஆகியவை நண்பருக்கென்று தனிப் பையில் இருக்கட்டும்.

இன்னொரு வேலையையும் வீட்டிலேயே முடித்துவிடுங்கள். கடலில் குமட்டலைக் கிளப்பும் மிகக் கொடிய செயல், குனிந்து தங்கூசி எனும் தூண்டில் நரம்பில் முள் கட்டுவது. அதற்கடுத்தது, வெயிலில் வாடிய இறாலையும் சோத்தோங் எனும் கணவாயையும் வெட்டுவது. ஆகவே அவருக்கு வேண்டிய முள், ஈயக்குண்டு, சுழலி எல்லாவற்றையும் பத்து ஜோடி கட்டி, அட்டையில் சுற்றி வைத்துக்கொள்ளுங்கள். இரையையும் துண்டுபோட்டு உப்புத் தூவி, மூடியுள்ள டப்பாவில், ஐஸோடு அடைத்துக்கொள்ளுங்கள். கடலில் இரை கோப்பது உங்கள் வேலை. அவர் தூண்டிலைப் பிடித்துக்கொண்டிருப்பார்.

படகில்

அவரை உட்காரவைக்க வேண்டிய இடம் படகின் நடுப்பகுதி, கொஞ்சம் பின்தள்ளி, தாழ்வான பலகை. ஏற்றப்பலகை போல முனைகள் எழுந்து தாழும்போது நடு அதிகம் அசைவதில்லை. படகின் முன்முனையான அணியத்தில் காற்று நன்றாக வரும் என்று ஆசைப்பட்டு அங்கே உட்கார்ந்தால் அலையின் முழு உயரத்தையும் அனுபவிக்க வேண்டியிருக்கும். பின்கோடியில் இயந்திரப் புகை வரும். முகம் படகு போகும் திசையைப் பார்த்திருக்கட்டும். கைப்பேசியை வாங்கி உங்கள் பையில் போட்டுவிடுங்கள். படம் எடுக்கிறேன் என்று சொல்லித்தான் எல்லாரும் தொடங்குகிறார்கள்.

கண்ணுக்கு ஓர் இடம் கொடுங்கள். தொடுவானம், அல்லது அசையாத தொலைவுப் பொருள் எதுவாயினும் சரி. தீவின் தெற்கே இருக்கும்போது 833 மீட்டர் உயரமுள்ள கொடிமலையின் முகடு வானம் தெளிந்த நாளில் தெரியும். அதைப் பார்த்துக்கொண்டிருக்கச் சொல்வேன். அடிவானத்தைப் பார்ப்பது, இல்லையெனில் கண்களை முழுவதும் மூடிக்கொள்வது, இவ்விரண்டு மட்டுமே வழி. நடுவில் படகின் தரை, மீன்பெட்டி, அருகிலிருப்பவரின் முகம் என்று அலைபாயும் பார்வைதான் கெடுக்கிறது.

மீன்பிடிக்கும் முறையையும் இதற்கேற்பத் தேர்ந்தெடுக்கலாம். என் அனுபவத்தில் கைத்தூண்டில்தான் இவருக்குச் சிறந்தது. தங்கூசி ஆள்காட்டி விரலில் படிந்திருக்க, அடியில் ஈயக்குண்டு தரையைத் தட்டுவதும் மீன் கொத்துவதும் விரலுக்குத் தெரிந்துவிடும். கண் எதையும் பார்க்க வேண்டியதில்லை. கோலும் ரீலும் பிடித்தே தீருவேன் என்றால், கோலின் நுனியைத் தொடுவானக் கோட்டுக்கு நேராக வைத்துக்கொண்டு இரண்டையும் சேர்த்துப் பார்க்கச் சொல்லுங்கள். அப்போலோ என்று இங்கே சொல்லப்படும், இறகு கட்டிய சிறுமுள் வரிசையால் கெம்போங் மீன் பிடிப்பதும் நல்லது. மீன் கூட்டம் வந்தால் ஒரே இழுப்பில் மூன்று நான்கு ஏறும். கைக்கு ஓயாத வேலை இருக்கும்போது வயிற்றை நினைக்க நேரமிருக்காது. ஆனால் மீனை முள்ளிலிருந்து கழற்றுவதும் நீங்களே. குனிவதற்காக மட்டும் சொல்லவில்லை. தூரி எனும் கடல் கெளுத்தி ஏறினால் அதன் முதுகு, பக்க முட்களில் நஞ்சு உண்டு, தலைசுற்றும் கை அதைத் தொடக் கூடாது.

நங்கூரமிட்டு நிற்பதா, நீரோட்டத்தில் மிதந்து போவதா என்பதைத் தெக்கோங்கிடம் கேளுங்கள். மிதந்து போகும் படகு பெரும்பாலும் அலைக்குப் பக்கவாட்டைக் காட்டி உருளும். நங்கூரமிட்ட படகு முகத்தைக் காட்டி நிற்கும். அந்த ஆட்டம் தாங்கத்தக்கது. ஒரே இடத்தில் நாற்பது நிமிடத்துக்கு மேல் நிற்க வேண்டாம். நங்கூரத்தை எடுத்து, பத்து நிமிடம் முகத்தில் காற்றுப்படும்படி ஓட்டி, அடுத்த இடத்துக்குப் போனால் நண்பருக்கு மூச்சு வாங்கிக்கொள்ள இடைவேளை கிடைக்கும். மீன் கடித்துக்கொண்டிருக்கும்போது இதைச் செய்வது எளிதன்று. நான் ஒரு முறை, ஜெனாஹாக் மீன் இரண்டு அடுத்தடுத்து ஏறிய இடத்தை விட்டுப்போக மனமில்லாமல் இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று நின்றேன். அந்தக் கொஞ்சத்தில்தான் அவர் கவிழ்ந்தார்.

முன்னறிகுறிகளும் அடுத்து செய்ய வேண்டியதும்

வாந்திக்கு வெகுநேரம் முன்பே உடம்பு சொல்லத் தொடங்கிவிடும். தொடர்ந்த கொட்டாவி, காரணமில்லாத சோர்வு, ஏப்பம், வாயில் நீர் ஊறுதல், மேலுதட்டிலும் நெற்றியிலும் குளிர்ந்த வியர்வை, முகம் வெளிறுதல் என்று ஏறத்தாழ இந்த வரிசையில் வரும். எல்லாவற்றையும்விட உறுதியான அறிகுறி மௌனம். நகைச்சுவைக்குப் பதில் சொல்லாமல் ஒரே புள்ளியைப் பார்த்துக்கொண்டிருந்தால் அவர் போராடிக்கொண்டிருக்கிறார் என்று பொருள். அப்போது, எப்படி இருக்கிறது, பரவாயில்லையா என்று ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறை கேட்டுத் துன்புறுத்தாமல், தூண்டிலை வாங்கிவைத்துவிட்டு, படகை நகர்த்தச் சொல்லி, பிடரியில் ஈரத் துணியைப் போடுங்கள். மணிக்கட்டில் கட்டும் அழுத்தப் பட்டை வைத்திருந்தால் கட்டிக்கொள்ளட்டும். பலன் உறுதியில்லை, கெடுதலும் இல்லை.

வாந்தி வரும் என்று தெரிந்தால், காற்று போகும் பக்கத்து விளிம்பில், படகின் நடுப்பகுதியில், முழங்காலிட்டுக் குனிய வேண்டும். நின்றுகொண்டு எட்டிப் பார்ப்பவர் ஓர் உருட்டலில் கடலில் விழுந்துவிடுவார். ஒருவர் அவருடைய உயிர்காப்பு அங்கியின் பின்பட்டையைப் பிடித்துக்கொண்டே இருக்க வேண்டும். இயந்திரமுள்ள பின்பக்கம் கூடாது. விளிம்புக்குப் போக முடியாவிட்டால் நெகிழிப் பை போதும். அதைக் கடலில் எறியாமல் முடிச்சிட்டு வைத்துக்கொள்ளுங்கள். யாரும் சிரிக்கக் கூடாது என்பதைப் புறப்படும் முன்பே மற்றவர்களிடம் சொல்லிவைத்திருக்க வேண்டும். மீன்கள் இப்போது கூடும் என்ற பழைய நகைச்சுவை அவரைத் தவிர எல்லாருக்கும் சிரிப்பூட்டும்.

வாந்திக்குப் பின் அவருக்குச் சிறிது தெளிவு வரும். உடனே ஒரு போத்தல் நீரை மடமடவென்று குடிக்க விட்டால் அதுவும் வெளியே வரும். கால் மணி நேரம் விட்டு, நீரேற்ற உப்புக் கரைத்த நீரை இரண்டு இரண்டு மிடறாகக் கொடுங்கள். அது தங்கினால் அரை பிஸ்கட். அதன் பிறகும் தாளவில்லை என்றால் படகின் நடுவில் பாயை விரித்து, நிழலில், கண்ணை மூடிப் படுக்கவைப்பதே நல்லது.

திரும்புவது எப்போது என்பதை அவரிடம் கேட்காதீர்கள். உங்கள் நாளைக் கெடுத்துவிட்டோமே என்ற எண்ணத்தில், வேண்டாம், இன்னும் இருக்கலாம் என்றுதான் அவர் சொல்வார். இரண்டாம் முறை வாந்தி வந்தால் திரும்புவது என்று கரையிலேயே இருவரும் பேசி முடிவுசெய்துவிட்டால் யாருக்கும் குற்ற உணர்வு இராது. குடிக்கும் நீர் எதுவும் தங்காமை, பேச்சுக் குழறல், பல மணி நேரமாகச் சிறுநீர் போகாமை ஆகியவை அவ்வளவு தூரம்கூடக் காத்திருக்கக் கூடாத அறிகுறிகள். மார்பிலோ தாடையிலோ இடது கையிலோ வலியோடு குளிர்ந்த வியர்வை வந்தால் அதைக் கடல் மயக்கம் என்று எண்ணிவிடாதீர்கள், மாரடைப்பும் குமட்டலோடுதான் வரும். உடனே கரையை நோக்கி ஓட்டச் சொல்லி 999ஐ அழையுங்கள், கைப்பேசி எட்டாத இடமானால் தெக்கோங் வானொலியின் 16ஆம் அலைவரிசையில் உதவி கேட்கட்டும்.

கரையில்

படகுத்துறையில் கால் வைத்ததும் தரை ஆடுவதுபோல் தோன்றுவது இயல்பே. மூளை இன்னும் அலைக்குப் பழகிய கணக்கிலேயே இருக்கிறது, பெரும்பாலும் சில மணி நேரத்தில் அடங்கிவிடும். நிழலில் பத்து நிமிடம் உட்காரவைத்து, வெதுவெதுப்பாக ஏதாவது குடிக்கக் கொடுத்து, நீங்களே வண்டியை ஓட்டி அவரை வீட்டில் விடுங்கள். மீன்பெட்டி அவர் உட்காரும் பக்கத்தில் இருக்க வேண்டாம், பின்புறத்தில் மூடி அழுந்த இருக்கட்டும். அடுத்த பயணம் பற்றிய பேச்சையும் அன்று எடுக்காதீர்கள். அவருடைய பங்கு மீனைச் செதில் நீக்கி, குடல் எடுத்து, பொட்டலமாகக் கட்டி, உங்கள் வீட்டு ஐஸ் பெட்டியிலேயே வைத்திருந்து, மறுநாள் மாலை கொண்டுபோய்க் கொடுங்கள். அன்றிரவு அவர் வீட்டில் மீன் வாடையே வேண்டாம்.